முல்லைக்குத் தேரும் பிள்ளைகளுக்கு ஜீப்பும்

படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக் கொடிக்குப் பறம்பு மலை வேந்தன் பாரி தனது தேரையே நிறுத்திவிட்டு நடந்து சென்றான் என்று பாடசாலையில் நாமெல்லோரும் படித்திருக்கிறோம். கொடைக்கு இலக்கணமாக இன்றும் அதையே சொல்கிறோம். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, பின்னர் மன்னார் மாவட்டத்துக் கிராமங்களில் பத்து வருடங்களுக்கு மேலாகச் சமூகப் பணி செய்துவரும் எனக்கு அந்தக் கதையில் ஒரு சிறு கேள்வி எப்போதும் உண்டு. முல்லைக்குத் தேவைப்பட்டது ஒரு கொழுகொம்பு. தேரின் மீதும் அது நன்றாகவே படர்ந்திருக்கும். ஆனால் மழையிலும் வெயிலிலும் காட்டில் நின்ற அந்தத் தேர் எத்தனை வருடம் தாங்கியிருக்கும்?

பாரியின் மனதைக் குறைத்துச் சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. கொடுப்பவரின் மனம் ஒன்று, பெறுபவரின் தேவை இன்னொன்று. இரண்டும் பொருந்தும்போதே கொடை முழுமை பெறுகிறது. எங்கள் குடும்பத்து ஜீப் ஒன்றைத் தானமாகக் கொடுக்க முற்பட்டபோது இதை நான் மிக அருகிலிருந்து கண்டேன். வீட்டில் ஓடாத வாகனம் ஒன்றை வைத்துக்கொண்டு "யாருக்காவது கொடுத்துவிடலாமே" என்று எண்ணும் சகோதரிகளுக்கு இந்த அனுபவம் பயன்படக்கூடும்.

பெரியப்பா கட்டட ஒப்பந்தக்காரர். 2010 மார்ச்சில் மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலமும் திறக்கப்பட, பூநகரி ஊடாக யாழ்ப்பாணத்துக்கு வழி கிடைத்தது. எங்கும் வீடுகளும் பாடசாலைகளும் எழும்பிய காலம் அது. அந்த வருடம்தான் அவர் பழைய மிற்சுபிசி பஜிரோ ஜீப் ஒன்றை வாங்கினார். சீமெந்துப் பை ஏற்றியதும் அதில்தான், எங்கள் அக்காவைக் கலியாண மண்டபத்துக்கு அழைத்துச் சென்றதும் அதில்தான். மடுத் திருவிழாவுக்கும் திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரிக்கும் அயலவர்களையும் ஏற்றிக்கொண்டு போவார். நடு இரவில் பிரசவ வலி கண்ட பெண்களை அது வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்த கதைகள் எங்கள் ஒழுங்கையில் பல உண்டு.

2022இல் நாடு எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது ஜீப்பும் நின்றது. அந்த வருடம் ஜூலையில் கியூஆர் அட்டை முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். லீற்றருக்கு எட்டு கிலோமீற்றர் ஓடும் பழைய ஜீப்புக்கு அது எம்மாத்திரம்? பின்னர் நிலைமை சீரானபோது பெரியப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. இடது கையும் காலும் வழங்கவில்லை. பிள்ளைகள் இருவரும் கனடாவில். ஜீப் வேப்பமரத்தடியில் நின்றது. அதன் நிழலில் ஊர்க் கழுதைகள் படுத்திருந்தன. தீவின் உப்புக்காற்று சும்மா இருக்குமா? கதவின் அடியோரத்தில் கறள் பிடிக்கத் தொடங்கியது.

2025இன் நடுப்பகுதியில் ஒரு நாள் பெரியம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பிள்ளை, இதை விக்க மனம் வருகுதில்லை. சும்மா நிண்டு கறள் பிடிக்கிறதைவிட, நீ போய்வாற அந்த இல்லத்துப் பிள்ளையளுக்குக் குடுத்தால் புண்ணியமாவது கிடைக்கும். நீதான் கேட்டுச் சொல்லவேணும்."

அவர் சொன்ன இல்லம் பெருநிலப் பக்கத்தில் இருக்கிறது. மாற்றாற்றல் கொண்ட இருபத்துமூன்று பிள்ளைகள் அங்கே வளர்கிறார்கள். பொறுப்பாளர் அக்காவிடம் செய்தியைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. பிறகு சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "வாங்கோ தங்கச்சி, ஒண்டு காட்டுறன்" என்று கட்டடத்தின் பின்பக்கம் அழைத்துச் சென்றார்.

அங்கே மூன்று வாகனங்கள் நின்றன. ஒரு வான், ஒரு டபிள் கப், ஒரு கார். வானின் ரயர்கள் மண்ணில் புதைந்திருந்தன. காருக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மூன்றும் அன்பளிப்புகள். மூன்றின் கதவிலும் கொடுத்தவர்களின் பெயர் அழகாக எழுதப்பட்டிருந்தது.

"எல்லாரும் நல்ல மனதோடைதான் தந்தவை. வேண்டாம் எண்டு சொல்ல ஏலுமோ? அடுத்த முறை பிள்ளையளுக்கு உடுப்பும் அரிசியும் தாறதும் அவைதானே" என்றார் அக்கா.

இந்த ஒரு வசனத்தில் ஒரு பெரிய சமூகவியல் பாடமே அடங்கியிருக்கிறது. பிரெஞ்சு அறிஞர் மார்சல் மோஸ், 1925இல் வெளிவந்த கொடை பற்றிய தமது ஆய்வில் மூன்று கடமைகளைக் குறிப்பிடுகிறார்: கொடுக்கும் கடமை, ஏற்றுக்கொள்ளும் கடமை, திருப்பிச் செய்யும் கடமை. ஏற்க மறுப்பது உறவையே மறுப்பதாகிவிடும். ஆகவே, இல்லாதவர் தமக்கு உதவாத பொருளையும் சிரித்த முகத்துடன் வாங்கிக்கொள்கிறார். கொடுத்தவர் நிம்மதியாக வீடு போய்விடுகிறார். பாரம் பெற்றவரின் முற்றத்தில் நின்றுவிடுகிறது.

வாகனம் என்பது அரிசி மூட்டை போன்றதல்ல. அரிசியைக் கொடுத்தால் சமைத்து உண்டு முடிப்பார்கள். வாகனத்தைக் கொடுத்தால் அது தானே உண்ணத் தொடங்கிவிடும். டீசல், என்ஜின் ஒயில், ரயர், பற்றரி, காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், அதைப் பெறுவதற்கு முன் புகைப் பரிசோதனை, எல்லாவற்றுக்கும் மேலாகச் சாரதியின் சம்பளம். அக்காவின் கணக்குக் கொப்பியை இருவரும் இருந்து பார்த்தோம். அந்த டபிள் கப் ஓடிய கடைசி வருடத்தில் அதற்குச் செலவான தொகை, அதே பயணங்களுக்கு வாடகை வாகனம் பிடித்திருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிட அதிகம். உதிரிப்பாகம் தேடிக் கொழும்புக்கு ஆள் அனுப்பிய செலவும் அதில் இருந்தது.

அப்படியானால் அவர்களுக்கு வாகனமே வேண்டாமா? வேண்டும். மிகவும் வேண்டும். மன்னார், நானாட்டான், முசலி, மாந்தை மேற்கு, மடு என ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளாகப் பரந்து கிடக்கும் மாவட்டம் எங்களுடையது. பிரதான வீதியை விட்டு உள்ளே போனால் பஸ் அரிது. அவசர நோய்க்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் இலவசமாக வரும். இந்தியாவின் நன்கொடையுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமான அந்தச் சேவை 2018 ஜூலையில் வட மாகாணத்துக்கும் வந்தது. எத்தனையோ உயிர்களைக் காத்து வருகிறது. ஆனால் மாதாந்தக் கிளினிக் அவசரம் அல்லவே. உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு மாவட்ட வைத்தியசாலைக்குப் போகவும், செயற்கைக் காலுக்கு அளவு கொடுக்க யாழ்ப்பாணம் போகவும், பாடசாலைக்குப் போகவும் அம்புலன்ஸ் வராது. இந்த இடைவெளியில்தான் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கை நடக்கிறது.

இல்லத்தில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். கால்கள் இயங்காது, கணக்கில் கெட்டிக்காரன். நாற்பது கிலோவுக்கு மேல் பாரம். அவனை வாகனத்தில் ஏற்ற இரண்டு பெண் பராமரிப்பாளர்கள் சேர்ந்து தூக்க வேண்டும். அவர்களில் ஒருவருக்கு ஏற்கனவே நாரிப்பிடிப்பு. இருவரும் கணவனை இழந்து, தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள். நாரி முறிந்தால் இரண்டு வீடுகளில் அடுப்பு எரியாது. பெரியப்பாவின் ஜீப்பின் தளம் எவ்வளவு உயரம் என்று நான் அளவு நாடாவால் அளந்து பார்த்தேன். என் முழங்காலுக்கும் மேலே. அந்தப் பெண்கள் தினமும் அவனை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க வேண்டும்.

பெரியம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தபோது, வாகனத்தைத் தானம் கொடுத்த வேறு சிலரின் கதைகள் நினைவுக்கு வந்தன.

1964 டிசெம்பரில் பம்பாயில் நடைபெற்ற நற்கருணை மாநாட்டுக்கு வந்த பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், தாம் பயணம் செய்த வெள்ளை நிற லிங்கன் காரை அன்னை தெரேசாவுக்குக் கொடுத்துச் சென்றார். அன்னை என்ன செய்தார்? அதில் ஏறிப் பவனி வரவில்லை. ஆசிரமத்து முற்றத்தில் நிறுத்தி வைக்கவும் இல்லை. சீட்டுக் குலுக்கலில் அதைப் பரிசாக வைத்துப் பணம் திரட்டினார். நேரடியாக விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட அதிகம் சேர்ந்தது. தொழுநோயாளருக்கான 'சாந்தி நகர்' குடியிருப்புக்கு அந்தப் பணம் உதவியது. கொடுத்தவரும் அதைத் தவறாக எண்ணவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2015 ஜனவரியில் எங்கள் மடுத் திருத்தலத்துக்கு வந்துபோன பாப்பரசர் பிரான்சிஸ், அதற்கு முந்திய வருடம் பெத்லகேமில் பயன்படுத்திய வாகனம் அங்கேயே இருந்தது. அதைக் காசாச் சிறுவர்களுக்கான நடமாடும் சிகிச்சை நிலையமாக மாற்றும் பணியைக் கரித்தாஸ் அமைப்பு எடுத்துக்கொண்டது. 2025 ஏப்ரலில் அவர் மறைந்து இரண்டு வாரங்களில் அந்தச் செய்தி வெளியானது. இங்கே வாகனத்தை விற்கவில்லை, வாகனமே தேவைப்பட்டது. ஆனால் வைத்தியர் யார், சாரதி யார், மருந்துக்குக் குளிர்சாதனப் பெட்டி எங்கே, பரிசோதனைக் கருவிகள் எவை என்றெல்லாம் அவர்கள் திட்டமிட்டே அதைக் கையில் எடுத்தார்கள்.

வெளிநாட்டில் வாழும் எமது உறவுகளுக்குப் பழைய காரைத் தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுப்பது புதிய விடயம் அல்ல. கனடாவில் சிறுநீரக நிறுவனம் பழைய கார்களை வாங்கி விற்று, நோயாளருக்கு உதவுகிறது. அமெரிக்காவில் இது மிகப் பெரிய அளவில் நடக்கிறது. 2000ஆம் வரி ஆண்டில் மட்டும் சுமார் 733,000 பேர் வாகனத் தானத்துக்காக வரிச்சலுகை கோரியிருந்தார்கள். அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2003இல் 54 வாகனங்களைத் தேர்ந்து அவற்றின் பணம் எங்கே போனது என்று தேடிப் பார்த்தது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாகனங்களில், கொடுத்தவர் வரிக்காகக் காட்டிய பெறுமதியில் நூற்றுக்கு ஐந்தோ அதற்கும் குறைவோதான் தர்ம ஸ்தாபனத்தின் கையில் சேர்ந்திருந்தது. மிகுதி ஏலச் செலவிலும் விளம்பரத்திலும் தரகிலும், ஊதிக் காட்டிய விலையிலும் கரைந்துவிட்டது. இதன் பின்னர் 2005 முதல் சட்டத்தை மாற்றினார்கள். 500 டொலருக்கு மேல் சலுகை கோருவதானால், பொதுவாக வாகனம் உண்மையில் விலைபோன தொகையையே கணக்கில் காட்டலாம். கொடையின் அளவு கொடுத்தவர் எண்ணுவதில் இல்லை, பெற்றவருக்குச் சேர்வதில்தான் இருக்கிறது என்பதை அந்தச் சட்டமும் ஒப்புக்கொண்டது.

எங்கள் நாட்டில் இன்னொரு வகை விசித்திரம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பழைய வாகனங்களின் விலை வாங்கிய விலையையும் தாண்டி ஏறியது. ஆகவே, வேப்பமரத்தடியில் கறள் பிடித்து நின்ற அந்த ஜீப் சந்தையில் இன்னும் நல்ல விலை பெறக்கூடியதாக இருந்தது.

பெரியம்மாவிடம் இவற்றைச் சொன்னபோது அவர் விளங்கிக்கொண்டார். பெரியப்பாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரொறன்ரோவிலிருந்து அண்ணாவும் தொலைபேசியில் மறுத்தார். "அப்பாவின்ரை பேரை எழுதிப்போட்டு ஜீப்பையே குடுங்கோ. வித்துக் காசாய்க் குடுத்தால் ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். பத்தாயிரம் மைல் தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தகப்பனின் பெயர் ஊர் வீதியில் ஓடவேண்டும் என்ற ஆசை இருக்கத்தானே செய்யும்?

விவாதித்துப் பயனில்லை என்று பெரியப்பாவை இல்லத்துக்கே அழைத்துச் சென்றோம். கிளினிக் நாள் அது. வாடகைக்கு வந்த உயரமான வாகனத்தில் அந்தச் சிறுவனை இரு பெண்களும் தூக்கி ஏற்றுவதைச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அவர் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் கல்லும் மண்ணும் ஏற்றி இறக்கியவர் அல்லவா, பாரத்தின் கணக்கு அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. திரும்பி வரும் வழியில் சொன்னார்: "இது சீமெந்து ஏத்துற சாமான். பிள்ளையளுக்குச் சரிவராது. விப்பம்."

முருங்கன் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் ஜீப்பை வாங்கினார். வயல் வரம்புச் சேற்றில் அது தனக்குரிய வேலையைச் செய்கிறது. அந்தப் பணத்தில் தளம் தாழ்ந்த, பக்கக் கதவு சறுக்கித் திறக்கும் பழைய சிறிய வான் ஒன்று இல்லத்தின் பெயரில் வாங்கப்பட்டது. மிகுதிப் பணம் வங்கியில் இல்லத்தின் பெயரில் நிலையான வைப்பாகப் போடப்பட்டது. அதன் வட்டி காப்புறுதிக்கும் அனுமதிப்பத்திரத்துக்கும் போகிறது. பின்பக்கம் நின்ற மூன்று வாகனங்களையும் கொடுத்தவர்களுடன் பேசி விற்றுவிட அக்காவுக்கும் இப்போது துணிவு வந்திருக்கிறது. ஒருவர் ஏற்கனவே சம்மதித்துவிட்டார்.

சக்கர நாற்காலியை உருட்டி ஏற்ற ஒரு சாய்தளம் வேண்டுமென்றதும் பெரியப்பா ஒற்றைக் கையால் படம் கீறினார். ஒட்டு வேலை செய்யும் தம்பியை வீட்டுக்கு அழைத்து, இரும்பின் கனமும் சரிவும் சொல்லிச் சொல்லிச் செய்வித்தார். நோய் வந்த பின்னர் அவர் அவ்வளவு உற்சாகமாகப் பேசியதை நாங்கள் கண்டதில்லை. கதவில் பெயர் எழுதும் பேச்சு மீண்டும் வந்தபோது சிரித்துக்கொண்டே மறுத்தார்: "என்ரை பேரை எழுத வேண்டாம். நாளைக்கு அது பழுதாய் நிண்டால் என்ரை பேரும் சேர்ந்தெல்லோ நிக்கும்."

எல்லா இடத்திலும் விற்றுத்தான் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வெள்ளம் வந்து எமது மாவட்டத்தின் தாழ்நிலங்கள் நீரில் மூழ்கியபோது, உயரமான வாகனத்தின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. அனர்த்த நிவாரணத்தில் ஈடுபடும் ஒரு குழுவுக்கு அதே ஜீப் மிகப் பொருத்தமான கொடையாக இருந்திருக்கும். எதைக் கொடுக்கிறோம் என்பதை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதோடு சேர்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஆகவே வாசகச் சகோதரிகளே, வாகனம் கொடுக்க எண்ணினால் நான்கு விடயங்களை மனதில் வையுங்கள்.

முதலாவது, கொடுப்பதற்கு முன் கேளுங்கள். "தந்தால் எடுப்பீர்களா?" என்று கேட்டால் எவரும் ஆம் என்றே சொல்வார்கள். "மாதத்தில் எத்தனை பயணம், யார் ஓட்டுவது, யார் ஏறுவது?" என்று கேளுங்கள்.

இரண்டாவது, ஒரு வருடச் செலவை எழுதிப் பாருங்கள். அந்தச் செலவில் ஒரு பங்கையாவது வாகனத்தோடு சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் விற்றுப் பணமாகக் கொடுப்பது மேல்.

மூன்றாவது, நம்பகமான ஒரு கராச்சில் காட்டிப் பிரேக்கையும் ரயரையும் ஸ்ரியறிங்கையும் சரிபார்த்த பின்னரே கொடுங்கள். எமது பிள்ளைகளை ஏற்றத் தயங்கும் வாகனத்தில் பிறர் பிள்ளைகளை ஏற்றச் சொல்லலாமா?

நான்காவது மிக முக்கியமானது. பெயரை மாற்றிக் கொடுங்கள். 'ஓப்பன் பேப்பர்' என்று கையொப்பம் மட்டும் வைத்து, பெயரும் திகதியும் எழுதாத படிவங்களைக் கொடுத்துவிடும் பழக்கம் எங்களிடையே சாதாரணமாகிவிட்டது. அப்படிக் கொடுத்தால் திணைக்களத்தின் பதிவேட்டில் நீங்களே உரிமையாளர். விபத்தோ குற்றமோ நடந்தால் பொலிஸ் முதலில் உங்கள் கதவைத்தான் தட்டும். மறுபக்கம், பெற்ற ஸ்தாபனத்துக்கோ அதை விற்கவும் முடியாது, உரிமை கோரவும் முடியாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உடைமை மாற்றத்தை அறிவித்து, புதிய உரிமையாளரின் பெயரைப் பதிவுசெய்து, பிரதியொன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். கணவரின் பெயரில் உள்ள வாகனமானால், அவர் இருக்கும்போதே அந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. இறந்தவரின் பெயரில் உள்ள வாகனத்தை மாற்ற இறப்புச் சான்றிதழோடும் வாரிசுப் பத்திரங்களோடும் அலைகின்ற பெண்களை என் பணியில் நிறையவே கண்டிருக்கிறேன்.

அந்தச் சிறுவன் இப்போது தானாகவே சக்கர நாற்காலியை உருட்டிச் சாய்தளத்தில் ஏறி வானுக்குள் போகிறான். கடைசி ஓர் அடிக்கு மட்டும் பின்னாலிருந்து சிறிது தள்ளிவிட வேண்டும். அதற்கு ஒருவர் போதும். மற்றப் பராமரிப்பாளர் அந்த நேரத்தில் அடுத்த பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறார்.